தமூல்

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் போன்களுக்கு நல்ல காலம். மனிதர்களுக்கு எப்படி என்று கேட்டால் என் பக்கத்து வீட்டைக் கைகாட்டுவேன்.

அந்த வீட்டு ஜோசப் ஆனந்த் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். படித்தது டிப்ளமோ. தெருவில் எப்படியோ இன்ஜினியர் என்று பெயராகிவிட்டது, அவனும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. காலையில் எழுந்து ஜெபம் சொல்கிறானோ இல்லையோ, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்துப் போனைத் துடைப்பான். எண்பதுக்கு மேல் சார்ஜ் ஏறக் கூடாது, இருபதுக்குக் கீழே இறங்கக் கூடாது. வெயில் படக் கூடாது, அடுப்பு ஆவி படக் கூடாது, தலையணைக்கு அடியில் வைத்தால் சூடாகிவிடும். முன்பக்கம் ஒரு கண்ணாடி, பின்பக்கம் ஓர் உறை, அதற்கு மேல் புத்தகம் மாதிரி மூடுகிற இன்னோர் உறை. அவனுடைய அப்பா அமலநாதன் அதே வீட்டின் பின்கட்டில் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருப்பார். அவருக்கு எந்த உறையும் கிடையாது. கைப்பனியன்தான்.

நான் மாவு அரைத்து விற்கிறவள். என் கிரைண்டர் ஓடும் பின்கட்டும் அமலநாதன் அண்ணன் படுக்கும் பின்கட்டும் ஒரே சுவர், இடுப்புயரம்தான் இருக்கும். கிரைண்டர் சத்தத்தால் தூக்கம் போகிறது என்று ஜோசப் ஆனந்த் என்னிடம் பலமுறை பஞ்சாயத்துக்கு வந்திருக்கிறான். அவன் அப்பா ஒருதரம்கூட வந்ததில்லை. வாழ்நாளெல்லாம் மில்லில் தறி ஓட்டியவர். காதை அந்தத் தறிகள் தின்றுவிட்டன. மில் மூடியபோது எல்லாருக்கும் வேலை போனது, இவருக்குக் காதும் சேர்ந்து போனது.

தறிக் கூடத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது என்பதால் மில்காரர்களுக்குக் கைப்பாஷை ஒன்று உண்டு. இரண்டு விரலை வெட்டிக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரலை வாயில் வைத்தால் தண்ணீர். இல்லாத மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறான், பேச்சை நிறுத்து. இதையெல்லாம் அண்ணன் எனக்குச் சுவருக்கு மேலே சொல்லிக் கொடுத்திருந்தார். உதடு பார்த்தும் பாதி படிப்பார், ஆனால் எதிராளி முகத்தைப் பார்த்து வாயைத் திறந்து பேச வேண்டும். அந்த வீட்டில் யார் அப்படிப் பேசினார்கள்? மகனும் மருமகளும் தலையைக் குனிந்து போனைப் பார்த்தபடியேதான் பேசுவார்கள். குனிந்த தலையில் எவன் உதட்டைப் படிப்பான்?

மருமகள் சிந்தியா வேறு ரகம். அவளுடைய அண்ணன் பிரான்சில் இருக்கிறான். அதனால் அவள் பால்காரனுக்கும் "மெர்சி" சொல்வாள், என்னிடம் மாவு வாங்கிவிட்டும் "மெர்சி அக்கா" என்பாள். அந்த ஒரு சொல்லையும் "போன்ழூர்" என்பதையும் தாண்டி அவளுக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நான் நினைக்கவில்லை. தெரியாது என்பதை அவள் தன் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

போன வருஷம் அந்த அண்ணன் லீவில் வந்தபோது சாக்லேட்டு, சென்ட்டு பாட்டிலோடு ஒரு காது மெஷினும் கொண்டுவந்தான். புதிது இல்லை. அங்கே அவன் குடியிருக்கிற வீட்டுக்குக் கீழ்வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருந்தாளாம், இறந்துபோனாளாம், அவளுடைய பிள்ளைகள் குப்பையில் போடப் போனார்களாம், இவன் வாங்கி வைத்துக்கொண்டானாம். "வேஸ்ட் பண்ணக் கூடாது அக்கா, ரீசைக்கிள் பண்ணணும்" என்றான் ஜோசப் ஆனந்த் என்னிடம் பெருமையாக. செத்த கிழவியின் காதை எடுத்துப் பெற்ற அப்பனுக்கு மாட்டுகிறவன் பெருமைப்படுவதற்கு அதில் என்ன இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

காதுக்குப் பின்னால் வாழைப்பூ மடல் போல வளைந்து உட்காருகிற மெஷின் அது. ஓரத்தில் பொடிசாக ஒரு சுவிட்சு. சுவிட்சுக்குப் பக்கத்தில் மூன்று எழுத்து: ஓ, டி, எம். ஓ-வில் வைத்தால் மெஷின் செத்துக்கிடந்தது. எம்-மில் வைத்தால் "கீ"யென்று விசில் அடித்தது. கிழவியின் காதுக்கு அச்செடுத்த அடைப்பான் அமலநாதன் அண்ணன் காதில் சரியாகப் பொருந்தாமல் வாய் பிளந்து நின்றதுதான் காரணம். டி-யில் வைத்தால் விசில் இல்லை, சத்தமே இல்லை.

பெட்டிக்குள் பிரெஞ்சில் ஒரு தாள் இருந்தது. சிந்தியா அதை விரித்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் புருவத்தைச் சுருக்கினாள். நான் மாவு கொடுக்கப் போனவள் வாசலிலேயே நின்று பார்த்தேன்.

"டி-ன்னா தமூல்" என்றாள்.

"தமூலா?" என்றான் புருஷன்.

"தமிழத்தான் பிரெஞ்சுல தமூல்னு சொல்வாங்க. அங்க நம்ம பாண்டிச்சேரி ஆளுங்க எவ்ளோ பேரு இருக்காங்க. அவங்களுக்குன்னு வெச்சிருப்பான்."

"அப்ப எம்?"

"எம்-ன்னா மெத்ரோபோல். அங்கத்து வெள்ளக்காரங்களுக்கு."

"கரெக்ட்டுதான்" என்றான் இன்ஜினியர். "லாங்வேஜ் செட்டிங்கு. போன்ல இல்ல? அந்த மாதிரி. இவருக்கு வெள்ளக்காரன் செட்டிங்கு வெச்சா விசிலடிக்காம என்னா பண்ணும்?"

டி-யில் தள்ளினான். அப்பா கைபட்டு மாறிவிடக் கூடாது என்று சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினான். அதன் மேல் பால்பாயிண்ட் பேனாவால் "தமூல் - தொடாதே" என்று எழுதினான்.

டி என்றால் டெலிபோன். அதில் வைத்தால் போனைக் காதோடு ஒட்டிப் பிடிக்கும்போது போனில் பேசுகிற குரல் மட்டும் கேட்கும், பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. எம் என்றால் மைக்கு. ஊர்ச் சத்தமெல்லாம் அதில்தான் வரும். பின்னால் ஒருநாள் காது மெஷின் கடையில் விசாரித்து நான் தெரிந்துகொண்டது இது. நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அப்போதுதான் இந்த வீட்டைப் பார்த்து நேரத்தோடு காறித் துப்ப முடியும்.

மெஷின் மாட்டியும் அண்ணனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மகன் கத்திப் பார்த்தான், மருமகள் கைதட்டிப் பார்த்தாள். "வண்டு கத்துதுடா, வேற ஒண்ணுமில்ல" என்றார். டியூப் லைட்டுக்குக் கீழே போனால் வண்டு, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வண்டு. என் சுவர் ஓரம் வந்தால் பெரிய வண்டு. "வாணி, கிரைண்டரு போட்டிருக்கியா?" என்று கேட்டு என்னைத் திகைக்க வைத்தார். மோட்டார் ஓடினால் அந்தச் செட்டிங்கில் அப்படித்தான் இரையுமாம்.

பிறகு ஒருநாள் சாயங்காலம் அவருடைய சட்டைப் பையில் பட்டன் போன் அதிர்ந்தது. பழைய போன், ஒரு பட்டனில் எண்ணே அழிந்துவிட்டது. அவர் பழக்கதோஷத்தில் அதை எடுத்துக் காதில் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் ஆட்டுக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தவள் என்னவோ ஏதோ என்று ஓடினேன்.

"யோவ் கலியா! நீயாய்யா? நீயாய்யா பேசற?" என்று அவர் போட்ட சத்தத்தில் மாமரத்துக் காக்காயெல்லாம் பறந்தது.

கலியபெருமாள் அவரோடு பக்கத்துத் தறியில் நின்றவர், தவளக்குப்பத்துக்காரர். வாதம் வந்து படுத்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, அதனால் நேரில் போனாலும் அவர் உதட்டைப் படிக்க முடியாது. காது கேட்காத ஒருத்தருக்கும் வாய் கோணிய ஒருத்தருக்கும் நடுவில் பேச்சு முடிந்துபோயிருந்தது. இந்த மெஷினும் அந்தப் பட்டன் போனும் எப்படியோ ஒத்துப்போய் அதை மறுபடி ஓடவைத்தன.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் போன்தான். எண்ணெல்லாம் அவருக்குத் தெரியாது. ஒன்றை அழுத்திப் பிடித்தால் கலியபெருமாள், அவ்வளவுதான். என்ன பேசுவார்கள் என்று கேட்கிறீர்களா? காற்றைப் பற்றியும் கறிக்குழம்பைப் பற்றியும்தான். "இங்க மேகமா இருக்கு, அங்க பெய்யுதா?" "இன்னிக்கு என்னா கொழம்பு? வஞ்சிரமா? யோவ், உன் மவன் உன்ன நல்லாத்தான் வெச்சிருக்கான்." மில்லில் நாற்பது தறிச் சத்தத்துக்கு நடுவே கையால் பேசின இரண்டு பேர், வயதான காலத்தில் ஆற அமர வாயால் பேசினார்கள். அவருக்கு உலகத்தில் கேட்டது அந்த ஒரு குரல்தான். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும், கிரைண்டரை நிறுத்திவிட்டு நிற்பேன்.

வீட்டில் என்ன ஆயிற்று தெரியுமா? கோபம்.

"நாம கூப்பிட்டா கேக்கல, அந்த ஆளு பேசனா மட்டும் கேக்குது பாத்தீங்களா அக்கா?" என்றாள் சிந்தியா. "எல்லாம் நடிப்பு."

"திமிரு அக்கா" என்றான் ஜோசப் ஆனந்த். "தனக்கு வேணும்னா கேக்கும். பிரான்சு மெஷினு, பொய் சொல்லாது. இவருதான் பொய் சொல்றாரு."

அன்றிலிருந்து அவர்கள் அவரிடம் கத்துவதையும் விட்டுவிட்டார்கள். அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசினார்கள். "இதுக்கு இன்னும் ஒரு தோசை வேணுமாம்." "இது எங்க துணி காயப்போட்டிருக்கு பாரு." இது, அது. நான் ஒருதரம் கேட்டேன், "ஏம்மா, அவரு உக்காந்திருக்காரேம்மா?" "அவருக்குத்தான் கேக்காதே அக்கா" என்றாள். நடிப்பு என்று சொன்னதும் அவள்தான். இரண்டும் ஒரே வாய்.

எங்கள் தெருவுக்கு மாதம் இரண்டுமுறை ஒரு குட்டி யானை வண்டி வரும். பின்னால் பிளாஸ்டிக் குடமும் டப்பும் மலைபோலக் கட்டியிருக்கும். முன்னால் ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல்: "பழைய செல்போன், ஒடஞ்ச செல்போன், ஓடாத செல்போன்... கொண்டாங்க தாய்மாரே, டப்பு வாங்கிட்டுப் போங்க..." அண்ணன் குளிக்கப் போயிருந்த ஒரு காலைவேளையில் அது வந்தது. சிந்தியா கைதவறி விழுந்து சிதறின தன் பழைய போன் ஒன்றைக் கொண்டுபோனாள். வண்டிக்காரர் ஒரு சின்னக் குவளையைக் காட்டினார். அவளுக்குக் கண் சிவப்பு டப்பின் மேல்.

"அதுக்கு இன்னொரு போனு வேணும்மா" என்றார் அவர்.

உள்ளே போனாள். மாதா படத்துக்குக் கீழே சார்ஜில் கிடந்த பட்டன் போனைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். சிம் கார்டோடு. சிவப்பு டப்பு வீட்டுக்குள் போனது. நான் அன்று காலை கடைக்கு அரிசி வாங்கப் போயிருந்தேன், இல்லாவிட்டால் வண்டியையே மறித்திருப்பேன். இதையெல்லாம் அவளே பிறகு என்னிடம் சாமர்த்தியம் போலச் சொன்னாள்.

ஜோசப் ஆனந்த் சாயங்காலம் வந்து கேட்டு, "நல்லதுதான் பண்ண. ஈ-வேஸ்ட்டு வீட்ல சேரக் கூடாது" என்றான். பூமி உருண்டையை இரண்டு கைகள் தாங்குகிற படத்தைத் தன் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்தான். அவன் அப்பன் பின்கட்டில் பாயை உதறி, தலையணை உறையைக் கழற்றி, மாதா படத்தைத் தூக்கிப் பார்த்து, போனைத் தேடிக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் அவர் போட்ட கூச்சல் தாங்காமல் ஒரு போன் கொடுத்தார்கள். பிரான்சு அண்ணன் சிந்தியாவுக்குப் புதுப் போன் ஒன்று யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தான். அதனால் அதுவரை அவள் வைத்திருந்த டச் போன், வேறொரு சிம் போட்டு, மாமனாருக்கு இறங்கியது.

"நம்பரு என்னாப்பா? கலியபெருமாள் நம்பரு?" ஜோசப் ஆனந்த் கையை ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

"ஒண்ணு" என்றார் அவர்.

"ஒண்ணா?"

"கலியா நம்பரு ஒண்ணுடா."

புருஷனும் பெண்டாட்டியும் சிரித்த சிரிப்பு என் வீடுவரை கேட்டது. அவர் அந்தக் கண்ணாடிப் பலகையில் ஒன்றைத் தேடி அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். யாரோ ராங் நம்பர் ஒருநாள் அதில் கூப்பிட்டபோதும் எடுத்துக் காதில் வைத்து உடனே இறக்கினார். எல்லாப் போனும் எல்லா மெஷினுக்கும் ஒத்துவராதாம். "இதுல தறிதான் ஓடுது வாணி, ஆளு இல்ல" என்று அதைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனார்.

நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால், தனியே கடலூர் ரோட்டைக் கடக்க அவரை விடமாட்டார்கள். ஒருமுறை பஸ் ஹாரன் கேட்காமல் குறுக்கே போய் மயிரிழையில் தப்பினவர். கூட்டிப்போக மகனுக்கு நேரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனுக்குப் புது உறை வாங்க நேருவீதிக்குப் போகிற மகன் அவன்.

அந்த வாரத்தில் மோட்டார் சைக்கிளில் ஓர் ஆள் அவர்கள் வாசலில் வந்து நின்றதைப் பார்த்தேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, பேசியது காதில் விழவில்லை. சிந்தியா கேட்டைத் திறக்காமலே நின்று பேசினாள், போனை எடுத்து நம்பர் சொன்னாள், அவன் தலையாட்டிவிட்டுப் போனான். கேட்டதற்கு, "சும்மா தெரிஞ்சவங்க அக்கா" என்றாள்.

கொஞ்சநாள் கழித்து அண்ணன் சுவர் ஓரம் வந்து மெஷினை நீட்டினார்.

"வண்டு கூட கத்தல வாணி. பேட்டரி போயிடுச்சு போல. மாத்திக் குடுடான்னா, போனே இல்ல, காது எதுக்குன்னு கைய விரிக்கறான். ஊசி ஏதாச்சும் குடு, நானே தொறக்கறேன்."

தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிக் கொடுத்தேன். அவர் பிளாஸ்திரியை நகத்தால் கிழித்தார். "தமூல் - தொடாதே" என்று எழுதியிருந்ததை எட்ட வைத்துப் படித்தார். "இது என்னா எழவு?" என்று என்னைப் பார்த்தார். நான் வாயை நன்றாகத் திறந்து, கையையும் ஆட்டி, மருமகள் சொன்ன வியாக்கியானத்தைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் அந்த பிளாஸ்திரியைச் சுருட்டி என் கழுநீர்ப் பானைக்குள் எறிந்தார். பின்னால் குத்தி, பொட்டளவு பேட்டரியை எடுத்தார், பெட்டியோடு வந்திருந்த புதுசைப் போட்டு மூடினார். குத்தின குத்தில் சுவிட்சும் எம் பக்கம் நகர்ந்திருக்கிறது. காதில் மாட்டியதும் "கீ"யென்று விசில். அவர் பதறி அடைப்பானை ஒரு விரலால் அழுத்தினார். விசில் நின்றது.

அவர் முகம் மாறியது. கண்ணை என் கிரைண்டரின் மேல் வைத்தார். அப்புறம் மாமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"காக்காய்" என்றார்.

நான், "அண்ணா?" என்றேன்.

"பேசாத. பேசாத, இரு" என்றார். "இன்னொரு தடவ கூப்புடு."

"அண்ணா" என்று கூப்பிட்டேன்.

"உன் கொரலு இப்பிடியா இருக்கும்? ஆம்பள கொரலு மாதிரி இல்ல இருக்கு" என்றார். சந்தோஷத்திலும் அந்த வாய்க்குக் குறைச்சல் இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒலிபெருக்கி கத்தியது. "பழைய செல்போன், ஒடஞ்ச செல்போன், ஓடாத செல்போன்..." அவர் விரலை எடுக்காமல் தலையைத் திருப்பினார். தன் போன் எந்த வண்டியில் போனதென்று நான் கையால் சொல்லி அவருக்குத் தெரியும். விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"என் போனக் குடுய்யா" என்றார் வண்டிக்காரரிடம். "பட்டன் போனு. ரெண்டுல எழுத்து அழிஞ்சிருக்கும்."

"அதெல்லாம் அன்னிக்கே மூட்டையா கட்டி அனுப்பியாச்சு பெரியவரே. அங்க ஒடச்சி உள்ள இருக்கற தகடெல்லாம் உரிச்சிடுவாங்க" என்றார் அவர். பாவம், அவர் என்ன செய்வார்? கொடுத்ததை வாங்கினார்.

அண்ணன் திரும்பி நடந்தார். பாதி வழியில் நின்றார். "போனு எதுக்கு?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். "பஸ்ஸு சத்தம் கேக்குது. நானே போறேன். வாய் கோணியிருந்தா என்னா, கொரலு நல்லாத்தான இருக்கு அவனுக்கு." பிறகு என்னிடம் இல்லாத மீசையை முறுக்கிக் காட்டினார். மேஸ்திரி வருகிறான், பேச்சை நிறுத்து. வீட்டில் சொல்லாதே என்று அர்த்தம். சொன்னால் மெஷினைப் பிடுங்கித் திரும்பவும் தமூலில் வைத்துவிடுவார்கள் என்று பயந்தார். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் தவளக்குப்பம் போவதாக எங்களுக்குள் முடிவானது. வேட்டி சட்டையை என்னிடம் கொடுத்து இஸ்திரி போடச் சொன்னார். கலியபெருமாளுக்குப் பிடிக்கும் என்று வெங்காயப் பக்கோடா நான் செய்து தருவதாக ஏற்பாடு.

இடையில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சிந்தியாவின் புதுப் போனுக்கு விருந்து. சிரிக்காதீர்கள், விருந்துதான். மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் போனைச் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரித்தார்களாம். அவர் தீர்த்தம் தெளிக்கும்போது தண்ணீர் பட்டுவிடக் கூடாதென்று ஜோசப் ஆனந்த் அதை பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துப் பிடித்தானாம். ஆசீர்வாதமும் வேண்டும், ஈரமும் ஆகாது. என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள், போனைப் பார்த்து வியக்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக.

ஆட்டுக்கறிக் குழம்பு, வெங்காயப் பச்சடி, முட்டை. நாங்கள் மூன்று பேரும் மேஜையில். நடுவில் போன், பூத்தையல் போட்ட கைக்குட்டை மேல். அண்ணன் சமையலறைக் கதவோரம் முக்காலியில், மடியில் தட்டு. வலது கையால் சாப்பிட்டார். இடது கை விரல் காதை அழுத்தியபடியே இருந்தது.

"காது வலி போல இருக்கு அதுக்கு" என்றாள் சிந்தியா.

"விடு. மெஷின கழட்டுனா சரியாப் போவும். நாளைக்கி எடுத்து வெச்சிடலாம், யாருக்காச்சும் ரீசைக்கிளுக்குக் குடுத்துடலாம்" என்றான் மகன், எலும்பை உறிஞ்சிக்கொண்டே.

அண்ணன் சோற்றைப் பிசைந்தார். நிமிரவில்லை.

புதுப் போன் டிங்கென்றது. சிந்தியா கையை நக்கிவிட்டு, சுட்டுவிரலின் பின்புறத்தால் தள்ளிப் படித்தாள்.

"அந்தத் தவளக்குப்பத்து கோபிநாத்து இல்ல? மறுபடி மெசேஜ் போட்டிருக்கான்."

"என்னாவாம்?"

"காரியம் வர்ற வியாழக்கிழமையாம். மாமாவக் கண்டிப்பா கூட்டிட்டு வரச் சொல்றான்."

"யாரு கூட்டிட்டுப் போறது?" என்றான் ஜோசப் ஆனந்த். "அவன் அப்பன் கலியபெருமாள் செத்ததே இவருக்குத் தெரியாது. இப்ப போயி செத்துட்டாரு செத்துட்டாருன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி யாரு கத்தறது?"

"தாள்ல எழுதிக் காட்டலாம்."

"எழுதிக் காட்டுனா அழுவாரு. அழுதா அவரு கத்தறது தெருவுக்கே கேக்கும். விடு, கொஞ்சநாள்ல மறந்துடுவாரு."

"பாவம்ங்க" என்றாள் சிந்தியா, இன்னும் படித்துக்கொண்டே. "கடைசி வரைக்கும், அமலு போனு ஏன் அடிக்க மாட்டேங்குது, அமலுக்கு என் மேல என்னா கோவம்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம். அன்னிக்கு பைக்குல வாசல்ல வந்தப்பவே இவன் அதத்தான் சொன்னான். நானும் சொல்றேன்னுதான் சொன்னேன், மறந்தே போச்சி. அந்த ரசத்த இப்படி தள்ளுங்க."

நான் கதவோரம் பார்த்தேன். அவர் பிசைந்த கை நின்றிருந்தது. விரல் காதை விட்டு எடுக்கவில்லை. அவர்கள் ரசம் ஊற்றிக்கொண்டார்கள்.

"எப்ப?" என்றார்.

அந்த மனிதர் பேசி எல்லாரும் கேட்டிருக்கிறோம். காது போனவருடைய குரல், எட்டு வீட்டுக்குக் கேட்கும். அன்றைக்கு அவர் கேட்டது அவ்வளவு மெதுவாக இருந்தது. தன் குரல் தனக்கே கேட்கிறவன் பேசுகிற அளவு.

ஜோசப் ஆனந்துக்கு உறைக்கவில்லை. எழுந்துபோய்ப் பழக்கப்படி அவர் காதருகே வாயை வைத்து, "ஒண்ணுமில்லப்பா! சாப்புடுங்க!" என்று கத்தினான்.

"கத்தாதடா" என்றார் அவர். "கேக்குது."

சிந்தியாவின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. கரண்டி விழுந்த சத்தத்துக்கு அவர் அந்தப் பக்கம் திரும்பியதை மூன்று பேரும் பார்த்தோம்.

"கலியா எப்ப செத்தான்?"

அவர் மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்று நான் தலையை ஆட்டினேன், ஆட்டும்போதே கண்ணீர் வந்துவிட்டது. நாளைக்கு என்று இஸ்திரி போட்ட அவருடைய சட்டை என் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் அவர்களுக்கு வாய் திறந்தது. திறந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. "மாமா, உங்களுக்குத் தாங்காதுன்னுதான் மாமா..." "அப்பா, சொல்லணும்னுதாம்ப்பா இருந்தேன், கம்பெனில ஷிப்டு..." "சத்தியமா மாமா, மாதா மேல ஆணையா..." "உங்க ஒடம்புக்காகத்தாம்ப்பா..." வருஷக்கணக்கில் ஒரு சொல் பேசாத வீடு, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசியது. இருவரும் முதன்முதலாக அவர் முகத்தை நேராகப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து பேசினார்கள்.

அவர் முக்காலியிலிருந்து எழுந்தார். தட்டைக் கீழே வைத்தார். பின்கட்டில் சிவப்பு டப்பில் நிரப்பியிருந்த தண்ணீரில் கையைக் கழுவி வேட்டியில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அதுவரை அவர்கள் நிறுத்தவில்லை. விரலைக் காதிலிருந்து எடுத்தார். மெஷின் "கீ"யென்று அந்த அறை முழுக்க விசிலடித்தது. கட்டைவிரல் நகத்தால் சுவிட்சைத் தள்ளினார். விசில் நின்றது.

"தமூல்ல வெச்சிட்டேன்" என்றார், பழைய குரலில், தெருவுக்கே கேட்கும்படி. "இப்ப பேசுங்க."